கரும்பொருளுக்கு நான்கு சாட்சிகள்: சாஸ்திரமேளாவுக்கு எதை எடுப்பது?

"டீச்சர், டார்க் மேட்டர் எடுக்கலாம்னு இருக்கோம். ஆனா கண்ணுக்கே தெரியாததை எப்படி மேசை மேல வைக்கிறது?"

கேரளப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சியான சாஸ்திரமேளாவை முன்னிட்டு, ஆடிக் காற்று வீசும் நாட்களில் இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரத்தில் தமிழ் மீடியத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கல்லூரியில் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்களும் கேட்கிறார்கள். தலைப்பு முடிவாகிவிடும். அதற்குள் எந்த வழியை எடுப்பது என்பதில்தான் இரண்டு வாரம் போய்விடும்.

பாலக்காட்டுக் கணவாயில் வளர்ந்தவர்களுக்குக் கண்ணில் படாத ஒன்றை அளப்பது புதிதில்லை. கரிம்பனையின் ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது, கஞ்சிக்கோட்டுக் காற்றாலை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்தே காற்றின் திசையையும் பலத்தையும் சொல்லிவிடுகிறோம். டார்க் மேட்டர் எனும் கரும்பொருளும் அப்படித்தான். அது ஒளி விடாது, ஒளியை மறைக்கவும் மறைக்காது. ஆனால் நிறை உண்டு, அதனால் ஈர்ப்பு உண்டு. அந்த ஈர்ப்பு எதை அசைக்கிறது, எதை வளைக்கிறது என்று பார்க்க விஞ்ஞானிகளுக்கு நான்கு பெரிய வழிகள் இருக்கின்றன: விண்மீன் மண்டலங்களின் (கேலக்ஸிகளின்) சுழற்சி வேகம், அவை கூட்டமாக இருக்கும் மண்டலக் கொத்துகளின் ஓட்டம், ஒளியின் வளைவு, பிரபஞ்சத்தின் பின்னணிக் கதிர்வீச்சு. நான்கையும் ஒரே சார்ட்டில் எழுதித் தொங்கவிடுகிறவர்கள் நடுவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஒன்றை எடுங்கள்.

## முதலில் எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயம்.

ஒன்று, அளவையோ கணக்கையோ நீங்களே செய்ய முடியுமா. இரண்டு, உங்களிடம் இருக்கும் கணிதம் போதுமா. மூன்று, சாட்சி எவ்வளவு உறுதியானது, அதாவது "கரும்பொருள் என்று ஒன்றும் இல்லை, நியூட்டன் விதியைத்தான் திருத்த வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் அது தாங்குமா. நான்கு, பணம், நாள், மின்சாரம், மொழி என்று முதல் நாள் கண்ணில் படாத செலவுகள்.

மொழியை விளையாட்டாகச் சேர்க்கவில்லை. உபஜில்லா மேளாவில் நடுவர் மலையாளத்தில் கேட்பார். நீங்கள் தமிழில் படித்திருப்பீர்கள், தரவு ஆங்கிலத்தில் இருக்கும். கரும்பொருள், தமோத்ரவ்யம், டார்க் மேட்டர் மூன்றும் ஒன்றுதான் என்று தடுமாறாமல் சொல்லிப் பழகவே ஒரு வாரம் வேண்டும்.

அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்:

| வழி | நாமே செய்வது | கணிதம் | சாட்சியின் உறுதி | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| சுழற்சி வேகம் | நன்றாக முடியும் | பிளஸ் ஒன் போதும் | நல்லது, ஆனால் மாற்று விளக்கம் உண்டு | திருத்தக் கணக்குகள் |
| கொத்துகளின் ஓட்டம் | தரவு இறக்கினால் முடியும் | கொஞ்சம் புள்ளியியல் | நல்லது | கூட்டத்தில் சேராதவற்றைக் களைவது |
| ஒளி வளைவு | காட்டலாம், அளப்பது கடினம் | பிளஸ் டூ, பிறகு ஒரு சூத்திரம் | மிக உறுதி | மாதிரிக்கும் சாட்சிக்கும் நடுவில் உள்ள இடைவெளி |
| பின்னணிக் கதிர் | கணினியில் மட்டும் | கல்லூரி | எல்லாவற்றிலும் உறுதி | புரியாமல் பொத்தான் அழுத்தும் ஆபத்து |

நான்காவது பத்தியையும் இரண்டாவது பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். சாட்சி உறுதியாக ஆக, கையால் செய்வது கடினமாகிக்கொண்டே போகிறது. உங்களைக் குழப்பத்தில் நிறுத்துவது இதுதான்.

## சுழற்சி வேகம்

இதை வீட்டிலேயே தொடங்கலாம். பூமி சூரியனை வினாடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. முப்பது மடங்கு தொலைவில் இருக்கும் நெப்டியூனின் வேகம் 5.4 கிலோமீட்டர்தான். 30-இன் வர்க்கமூலம் 5.5; வேகமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்திருக்கிறது. நிறை நடுவில் குவிந்திருந்தால் வெளியே போகப் போக வேகம் இப்படித்தான் விழ வேண்டும்.

விண்மீன் மண்டலங்களில் அது விழவில்லை. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் 67 ஒளிரும் வாயுத் திட்டுகளின் வேகத்தை அளந்து 1970-இல் வெளியிட்டார்கள். வெளி விளிம்பிலும் வேகம் சரியவில்லை. 1978-இல் ஆல்பர்ட் போஸ்மா ஹைட்ரஜன் வாயுவின் ரேடியோ அலையைக் கொண்டு, நட்சத்திரங்களே இல்லாத தொலைவு வரை அளந்தார். அங்கேயும் அதே கதை. கண்ணுக்குத் தெரியும் நிறை முடிந்த பிறகும் ஏதோ இழுத்துக்கொண்டிருக்கிறது.

இதைச் செய்ய இரண்டு பாதைகள் உண்டு.

முதல் பாதை, மற்றவர்கள் அளந்ததை எடுத்துக் கணக்குப் போடுவது. ஸ்பார்க் என்ற தரவுத்தொகுப்பில் 175 மண்டலங்களின் சுழற்சி வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. மொபைலிலேயே இறக்கி எக்செல்லில் திறக்கலாம். என் மாணவிகளுக்கு நான் எப்போதும் என்ஜிசி 3198 என்ற மண்டலத்தைத்தான் கொடுப்பேன். நம்மிடமிருந்து ஏறக்குறைய நாலரைக் கோடி ஒளியாண்டு தொலைவு. அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 150 கிலோமீட்டரில் படுத்துக் கிடக்கும், மையத்திலிருந்து ஒரு லட்சம் ஒளியாண்டு வரை. வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் உள்ளே இருக்கும் நிறை வந்துவிடும். விடை கிட்டத்தட்ட 16,000 கோடி சூரியன்கள். அங்கே தெரியும் நட்சத்திரங்களையும் வாயுவையும் கூட்டினால் அதில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதே கஷ்டம். போன வருஷம் இந்த விடை வந்தபோது ஒரு பெண் கால்குலேட்டரைத் துடைத்துவிட்டு மூன்று தடவை திரும்பப் போட்டாள். அந்த மூன்றாவது தடவைக்காகவே இந்தப் பாதையை எனக்குப் பிடிக்கும்.

இதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. அந்தக் கோப்பில் வாயு, நட்சத்திரத் தட்டு என்று தனித்தனியே வேகம் கொடுத்திருப்பார்கள். அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கப்படுத்திக் கூட்டி, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வாயுவின் வேகம் சில இடங்களில் மைனஸில் இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை, அந்த இடத்தில் வாயு வெளிப்பக்கம் இழுக்கிறது என்று பொருள். அங்கே வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். இன்னொன்று, நட்சத்திரத் தட்டின் எண்கள் ஒரு சூரிய ஒளிக்கு ஒரு சூரிய நிறை என்ற கணக்கில் இருக்கும். அகச்சிவப்பில் அளந்ததால் வர்க்கத்தைப் பாதியாக்குவதுதான் வழக்கம். இதைச் செய்யாவிட்டால் கரும்பொருள் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

இரண்டாவது பாதை, நம் பால்வெளியை நாமே அளப்பது. ஹைட்ரஜன் 1420.4 மெகாஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய அலையை விடுகிறது. அதைப் பிடிக்க முக்கால் மீட்டர் வாயுள்ள ஒரு ஹார்னை (புனல் வடிவ ஆன்டெனா) அட்டையிலும் அலுமினியத் தாளிலும் செய்யலாம். கழுத்துக்குக் காலியான தின்னர் டின் போதும். அதோடு யுஎஸ்பியில் செருகும் ஒரு ரேடியோ ரிசீவரும், வடிகட்டியோடு கூடிய ஒரு சிறு ஆம்ப்ளிஃபயரும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். இரண்டு மூன்று பேர் பகிர்ந்தால் தாங்கும்.

நம் ஊருக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. ஓணத்துக்குப் பெயர் தந்த திருவோண நட்சத்திரம் பால்வெளியின் ஓரத்தில் இருக்கிறது. ஆவணி, புரட்டாசி இரவுகளில் எட்டு, ஒன்பது மணிக்கு அது ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதிலிருந்து கொஞ்சம் மேற்கே, வடக்குச் சாய்வாக ஹார்னைத் திருப்பினால் பால்வெளியின் தளம் அகப்பட்டுவிடும். மேகம் மூடினாலும் கவலை இல்லை, இந்த அலை மேகத்தைத் தாண்டி வரும். மழைக்காலத்தில் வானியல் செய்ய வேறு வழி எனக்குத் தெரியாது.

திரையில் தெரியும் மேட்டின் கடைசி விளிம்பு 1420.4-லிருந்து 0.28 மெகாஹெர்ட்ஸ் கீழே விழுந்தால், அந்த வாயு நம்மைவிட்டு வினாடிக்கு 60 கிலோமீட்டரில் விலகுகிறது என்று அர்த்தம். அந்தத் திசை பால்வெளி மையத்திலிருந்து 48 டிகிரி. அதன் சைன் மதிப்பு 0.74. சூரியனின் வேகம் 220, அதை 0.74-ஆல் பெருக்கி 60-ஐக் கூட்டுங்கள்: 223. மையத்திலிருந்து 19,000 ஒளியாண்டில் இருக்கும் வாயு, 26,000 ஒளியாண்டில் இருக்கும் சூரியனின் அதே வேகத்தில் ஓடுகிறது!

சரி, செலவு என்ன? பூமியே வினாடிக்கு 30 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருப்பதைக் கழிக்க வேண்டும். மறந்தால் ஓண விடுமுறையில் எடுத்த அளவும் ஐப்பசியில் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. இன்னொரு பெரிய குறை உண்டு, இதைப் பலரும் சொல்வதில்லை. இந்த எளிய முறை சூரியனின் பாதைக்கு உள்ளே இருக்கும் வாயுவுக்கு மட்டும்தான் பொருந்தும். உள்ளே நட்சத்திரங்களே கணிசமான நிறையைத் தருவதால், தட்டையான கோடு வந்தாலும் அது மட்டும் கரும்பொருளை நிரூபிக்காது. வெளியே போனால்தான் சாட்சி கூர்மையாகும். வெளியே உள்ள வாயுவின் தொலைவைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. ஆகவே ஹார்ன் செய்கிறவர்கள் தங்கள் வரைபடத்துக்குப் பக்கத்தில் என்ஜிசி 3198-இன் வரைபடத்தையும் ஒட்ட வேண்டும்.

ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் கேட்டுப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அருமையான கருவி அது. ஆனால் அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். நமக்கு வேண்டிய ஹைட்ரஜன் அலைக்கு அது ஆகாது. போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.

## கொத்துகளின் ஓட்டம்

வரலாற்றில் இதற்குத்தான் முதல் மரியாதை. 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்தில் உள்ள மண்டலங்களின் வேகங்களைப் பார்த்தார். ஒன்றுக்கொன்று வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் வேறுபட்டு ஓடுகின்றன. தெரியும் நிறை மட்டும் இருந்தால் கொத்து எப்போதோ கலைந்திருக்கும். கட்டிப்போட ஏதோ இருக்கிறது என்று அவர் சொன்னதைப் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தரவு இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அதே திசையில் முன்னும் பின்னும் இருக்கும் வேற்று மண்டலங்கள் பட்டியலில் நுழைந்துவிடும். அவற்றைக் களையாவிட்டால் நிறை தாறுமாறாக ஏறும். இன்னொரு கேள்வியும் வரும்: கொத்துக்குள் சூடான வாயு இருக்கிறதே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா? ஸ்விக்கிக்குத் தெரியாத இந்த வாயுவைப் பிற்பாடு எக்ஸ்-கதிரில் கண்டுபிடித்தார்கள். நட்சத்திரங்களைவிடப் பல மடங்கு நிறை அதில்தான். அதையும் சேர்த்தாலும் பற்றாக்குறை தீரவில்லை என்பதைச் சொல்லத் தெரிய வேண்டும்.

மேசை மேல் வைக்க நல்ல மாதிரி ஒன்று இதற்கு உண்டு. கருப்பு லைக்ரா துணியை வளையத்தில் இழுத்துக் கட்டி, அடியில் ஒரு கொக்கியில் எடையைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி செய்யுங்கள். கோலிக்குண்டுகள் ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றிவரும். சின்னப் பிள்ளைகள் கூட்டம் கலையாது. ஸ்டில் மாடலுக்கோ வொர்க்கிங் மாடலுக்கோ ஏற்றது. ஆராய்ச்சிப் புராஜெக்டுக்குப் போதாது.

## ஒளி வளைவு

எனக்கு மிகவும் பிடித்தது இது. நிறை எங்கே இருந்தாலும் அதன் பக்கமாக வரும் ஒளி வளையும். வளைக்கும் பொருள் அசைய வேண்டியதில்லை, ஒளிர வேண்டியதில்லை. 1919 கிரகணத்தில் சூரிய விளிம்பில் நட்சத்திர ஒளி ஐன்ஸ்டீன் சொன்னபடி வளைந்ததை எடிங்டனின் குழுவினர் அளந்தார்கள். 1979-இல் ஒரே குவாசர் (வெகு தொலைவில் பிரகாசமாக ஒளிரும் மண்டல மையம்) இரண்டாகத் தெரிந்தது. அபெல் 370 என்ற கொத்தின் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்: பின்னால் இருக்கும் மண்டலங்கள் வில் வில்லாக நீண்டு கிடக்கும். அந்த வில்களின் வளைவிலிருந்து கொத்தின் நிறையைக் கணக்கிட்டால், தெரியும் பொருளைவிடப் பல மடங்கு வருகிறது.

உறுதியில் இதன் பெரிய சாட்சி 2006-இல் வந்தது. புல்லட் கொத்து என்பது இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிப் போன இடம். வாயு வாயுவோடு முட்டி நடுவில் தங்கிவிட்டது. ஒளி வளைவு காட்டிய நிறையோ நடுவில் இல்லை. மண்டலங்களோடு முன்னால் போய்விட்டிருந்தது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு வாயுதான். அது ஓரிடம், நிறை வேறிடம். விதியைத் திருத்தினால் போதும் என்பவர்களுக்குப் பதில் சொல்லக் கடினமான படம் அது.

காட்டுவதும் எளிது. காலுள்ள ஐஸ்கிரீம் கிளாஸ் ஒன்று உடைந்தால் அதன் அடித்தட்டை எடுத்து வையுங்கள், விளிம்பை உப்புத்தாளில் தேய்த்த பிறகு. வரைபடத்தாளில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து அதன் மேல் அந்தத் தட்டை நகர்த்துங்கள். நேராக வரும்போது புள்ளி வளையமாகும்; விலகினால் இரண்டு வில்லாகப் பிரியும்.

ஆனால் நடுவர் "இதில் கரும்பொருள் எங்கே?" என்று கேட்டால் கண்ணாடி பதில் சொல்லாது. அது வளைவின் வடிவத்தைத்தான் காட்டுகிறது. அதனால் ஓர் உண்மையான படத்தை எடுத்துக் கணக்கும் போட வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம். யூக்ளிட் விண்கலம் என்ஜிசி 6505 மண்டலத்தைச் சுற்றி அழகான முழு வளையம் ஒன்றைக் கண்டது, 2025-இல் வெளியானது. பார்த்ததும் எல்லோரும் அதைத்தான் எடுக்க நினைப்பார்கள். அந்த வளையத்துக்குள் கரும்பொருளின் பங்கு சுமார் 11 சதவீதம்தான், ஏனென்றால் மண்டலத்தின் நடுப்பகுதியில் நட்சத்திரங்களே அதிகம். கரும்பொருளைக் காட்ட வந்துவிட்டு நட்சத்திரங்களைக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். கொத்துகளின் படத்தை எடுங்கள்.

## பின்னணிக் கதிர்வீச்சு

இதைச் சொல்லும்போது பெருவெம்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் முடியாது. அங்கே மிருதங்கம் செய்பவர்களின் முற்றத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலந்தலைத் தோலின் நடுவில் கரணை போடுவார்கள். இங்கே அதைச் சோறு என்றும் சொல்வார்கள். கருப்புப் பசையைக் கொஞ்சம் தடவி, கல்லால் தேய்த்து, தட்டிக் கேட்டு, மறுபடி கொஞ்சம். ஒவ்வொரு பூச்சுக்கும் நாதம் மாறும். சர் சி. வி. ராமன் 1920-இலும் 1934-இலும் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: அந்தக் கருப்புத் திட்டின் நிறைதான் மேல்நாதங்களை ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது. பழகிய காது அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடும், கரணை போதவில்லை என்று.

பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயது ஆகும்வரை அது சூடான பிளாஸ்மா. அதில் ஒலி அலைகள் ஓடின. சாதாரணப் பொருளை ஒளி தள்ளியது. கரும்பொருளை ஒளியால் தொட முடியாது, அது இழுத்துக்கொண்டே இருந்தது. அந்த அலைகளின் தடம் 2.725 கெல்வின் வெப்பநிலைக் கதிர்வீச்சில், லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கமாக இன்றும் இருக்கிறது. அதை வரைபடமாக்கினால் மேடு மேடாக வரும். முதல் மேடு அடிநாதம் என்றால் மற்றவை மேல்நாதங்கள். மூன்றாவது மேடு இவ்வளவு உயரமாக இருக்க வேண்டுமானால், மிருதங்கத்துக்குக் கரணை போல, கரும்பொருள் வேண்டும். பிளாங்க் விண்கலத்தின் அளவுப்படி பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், கரும்பொருள் சுமார் 27.

உறுதியில் இதற்கு மேல் ஒன்றில்லை. ஆனால் நீங்கள் செய்வது என்ன? இலவச மென்பொருளில் கரும்பொருளின் அளவைக் கூட்டிக் குறைத்து மேடுகள் ஆடுவதைப் பார்ப்பது. நல்ல லேப்டாப்பும் பைத்தானும் வேண்டும். "ஏன் மூன்றாவது மேடு?" என்று கேட்டால் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் இதை எடுக்கிறேன் என்கிறவர்களை நான் தடுப்பேன். எம்எஸ்சி மாணவர்களைத் தள்ளிவிடுவேன்.

## எல்லோரிடமும் கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

ஈர்ப்பு விதியே தப்பாக இருக்கலாமே? இயற்பியலாளர் மில்க்ரோம் 1983-இல் அதைத்தான் சொன்னார். மண்டலங்களின் சுழற்சி வேகங்களுக்கு அவருடைய மாற்று விதி நன்றாகவே பொருந்துகிறது. இதை மறைக்காதீர்கள். யுரேனஸ் தடம் மாறியபோது பார்க்காத கிரகம் ஒன்றைக் கணக்கில் கண்டார்கள், 1846-இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் தடம் மாறியபோதும் ஒரு கிரகத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1915-இல் ஐன்ஸ்டீன் விதியையே மாற்ற வேண்டியிருந்தது. இரண்டும் நடந்திருக்கிறது. சுழற்சி வேகத்தை எடுத்தவர்கள் புல்லட் கொத்தையும் பின்னணிக் கதிரையும் இரண்டு வரியில் சொல்லத் தெரிந்து வைத்திருங்கள்.

கரும்பொருளின் துகளைப் பிடித்துவிட்டார்களா? இல்லை. அமெரிக்காவில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் டன் கணக்கில் திரவ செனானை வைத்துக் காத்திருக்கிறார்கள். இதுவரை அகப்படவில்லை. தேனி மாவட்டத்தில் பொட்டிப்புரம் மலைக்கு அடியில் திட்டமிட்டது நியூட்ரினோவுக்கான ஆய்வகம். அதை இதோடு குழப்ப வேண்டாம்.

## யாருக்கு எது

கணக்கில் ஆர்வம், கையில் மொபைல் மட்டும், மேளாவுக்கு இரண்டு மாதம் என்றால் ஸ்பார்க் தரவு. யோசிக்கவே வேண்டாம். ஒன்றுக்கு மூன்று மண்டலங்களாக எடுத்து ஒப்பிட்டால் ஆராய்ச்சிப் புராஜெக்டாகவே ஆகிவிடும்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் கண்ணாடித் தட்டும் லைக்ரா துணியும். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, ஆறு மாதம் இருக்கிறது என்றால் கோமா கொத்து. புள்ளியியலும் கூடவே படிந்துவிடும்.

சால்டர் பிடிக்கத் தெரிந்த ஒருவர், கணக்குப் போடும் ஒருவர், விடுமுறையில் மொட்டைமாடி தரும் ஒரு வீடு, இவை மூன்றும் இருந்தால் ஹார்னைச் செய்யுங்கள். ஆனியிலேயே தொடங்கிவிடுங்கள், பாகம் வர நாளாகும். மாடியில் வைக்கும்போது நான்கு மூலையிலும் செங்கல் அண்டக் கொடுத்து, கயிற்றால் தண்ணீர்த் தொட்டியோடு கட்டுங்கள். நாங்கள் கட்டாமல் விட்டோம். கணவாய்க் காற்று அதைத் தூக்கிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் போட்டது. அட்டை நசுங்கியது, ஆம்ப்ளிஃபயர் தப்பித்தது. மறுநாள் புது அட்டை வெட்டி ஒட்டி, இரவு ஒன்பது மணிக்குத் திருவோணம் உச்சிக்கு வந்தபோது மறுபடி திறந்தோம். கோடு முதலில் தட்டையாகவே ஓடியது. பத்து நிமிடம் சேர்ந்த பிறகு 1420.4-க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மேடு எழும்பியது.